படத்துக்குப் பின்னாடி எழுதுற தேதி

போன வாரம் அலமாரியை ஒழுங்கு பண்ணலாம்னு மேல் தட்டுல இருந்த பேப்பர் கட்டைக் கீழ இறக்கினேன், ஒழுங்கு பண்ற வேலை அதோட நின்னு போச்சு. 12 வருஷமா ஒரே ஏரியை ஒரே கரையில உக்காந்து நான் வரைஞ்ச வாட்டர்கலர் படங்கள், நூத்துக்கும் மேல இருக்கும், எல்லாத்தையும் தரையில பரப்பி வெச்சுட்டு பாத்துக்கிட்டே உக்காந்துட்டேன். அக்கா பொண்ணு வந்திருந்தா, 8 வயசு. அவ என்கூட அந்தக் கரைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கா, நான் வரையுறப்போ பக்கத்துல உக்காந்து கல்லு பொறுக்குவா. முதல் வருஷத்துப் படம் ஒண்ணைக் கையில எடுத்துப் பாத்துட்டு, "சித்தி, இது எந்த இடம்?"னு கேட்டா.

நான் படத்துல இருந்த பாறையைத் தொட்டுக் காட்டினேன். எருமை படுத்திருக்கிற மாதிரி ஒரு பாறை, அவ ஏறிக் குதிச்சு விளையாடுற அதே பாறைதான். படத்துல அதோட முதுகு மட்டும்தான் தெரியுது, மத்ததெல்லாம் தண்ணி. அவ கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு "அப்போ நிறைய மழை பெஞ்சுதா?"ன்னா. "அப்பல்லாம் எப்பவுமே இப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் அது நிஜமான்னு சந்தேகம் வந்துச்சு. ஒவ்வொரு படமா திருப்பிப் பாக்க ஆரம்பிச்சேன், ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி பென்சில்ல தேதி, மணி, காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்குது, தண்ணி எது வரைக்கும் நிக்குதுன்னு குறிச்சு வெச்சிருக்கேன். அந்த முதல் வருஷத்துலயே கோடைக் கடைசியில தண்ணி பாறையோட வயித்துக்குக் கீழ இறங்கின படம் ஒண்ணு கிடைச்சுது. அதாவது "எப்பவுமே" இல்ல. அப்போ வத்தின காலம் ரெண்டு மாசம், இந்த நாலஞ்சு வருஷத்துப் படங்கள்ல அது அஞ்சு மாசத்துக்கு நீளுது, மழைக்குப் பின்னாடி ஏறுற தண்ணியும் லேட்டாத்தான் ஏறுது. என் ஞாபகம் முழுசா நிறைஞ்ச ஏரியை மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டு மீதியைத் தூக்கிப் போட்டிருக்கு. பேப்பர் எல்லாத்தையும் வெச்சிருக்கு.

இந்தப் பின்னாடி எழுதுற பழக்கம் எனக்குச் சொந்தமா வந்தது கிடையாது, கான்ஸ்டபிள்ங்கிற இங்கிலாந்து ஓவியர் கிட்ட இருந்து எடுத்துக்கிட்டது. ஜான் கான்ஸ்டபிள் 1821லயும் 1822லயும் லண்டன் பக்கத்துல ஹாம்ப்ஸ்டெட்ங்கிற மேட்டுல உக்காந்து வெறும் வானத்தை மட்டும் சின்னச் சின்னதா ஆயில்ல வரைஞ்சு தள்ளினார், நிறைய படத்துக்குப் பின்னாடி தேதி, மணி, காத்து, அடுத்து மழை வந்துச்சா வெயில் அடிச்சுதான்னு எழுதி வெச்சார். அவங்க அப்பா மாவு அரைக்கிற ஆலைகள் வெச்சிருந்தவர், அதுல ஒண்ணு காத்தாலை, கான்ஸ்டபிளும் சின்ன வயசுல அதுல வேலை பாத்திருக்கார். காத்தாலையில வேலை பாக்குறவனுக்கு வானம்ங்கிறது அழகு பாக்குற விஷயம் மட்டும் இல்ல, திடீர்னு காத்து திரும்பினா இறக்கை முறிஞ்சிடும், அதனால மேகத்தை அவர் வரைஞ்சது பிழைப்புக்காக மேகத்தைப் படிச்ச ஒருத்தரோட கண்ணால. அதுக்கு 20 வருஷம் முன்னாடி, 1802ல, லூக் ஹோவர்ட்னு ஒருத்தர் மேகங்களுக்கு குமுலஸ், ஸ்ட்ரேட்டஸ், சிர்ரஸ்னு பேர் வெச்சு வகை பிரிச்சிருந்தார். ஒரு பக்கம் பேர் வைக்கிறாங்க, இன்னொரு பக்கம் தேதி போட்டு வரையுறாங்க, எனக்கு ரெண்டும் ஒரே வேலைதான்னு தோணும்.

நிலப்படம்னு சொன்னா இடத்தை வரையுறதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனா நம்ம தமிழ்ல இதை ரொம்ப நாள் முன்னாடியே வேற மாதிரி யோசிச்சிருக்காங்க. தொல்காப்பியத்துல திணைக்கு முதற்பொருள் என்னன்னு வர்றப்போ நிலமும் பொழுதும்னு ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கு. மலை மட்டும் போதாது, மலையும் கூதிர்ங்கிற குளிர் காலமும் நள்ளிரவும் சேர்ந்தாத்தான் குறிஞ்சி. காடும் கார் காலமும் மாலையும் சேர்ந்தாத்தான் முல்லை. ஸ்கூல்ல இதை மனப்பாடம் பண்ணப்போ டேபிள் போட்டு எழுதி மார்க் வாங்கினதோட சரி, அதுல இருந்த விஷயம் படம் வரைய ஆரம்பிச்சு பல வருஷம் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது. மண்ணு, மலை, தண்ணி எதுவும் ஒரு அடி கூட நகராம அங்கேயே இருந்தாலும், பொழுது மாறிப்போனா அது அதே இடம் இல்லன்னு அர்த்தம் வருது. பாலைக்குன்னு தனியா நிலமே கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் தங்களோட இயல்பு திரிஞ்சு போனா பாலைங்கிற வடிவத்தை எடுத்துக்கும்னு சிலப்பதிகாரம் சொல்லுது இல்லையா, அந்த வரியை இப்போ படிக்கிறப்போ எனக்கு வயித்துல ஏதோ பண்ணுது. நிலம் போகல. பொழுதுதான் திரிஞ்சு போகுது.

இது எனக்கு முதல்ல தெரிய வந்தது கண்ணால இல்ல, பேப்பர்ல. வாட்டர்கலர் பழகினவங்களுக்குத் தெரியும், வானம் போடுறதுன்னா 300 ஜிஎஸ்எம்னு சொல்ற கெட்டியான காட்டன் பேப்பரை முழுசா நனைச்சுட்டு, அந்த ஈரத்துல ஒரு மினுமினுப்பு இருக்கிறப்பவே கலரை விட்டு சாய்ச்சு ஓட விடணும், அது தானா பரவி ஓரம் தெரியாம கரையும். அந்த மினுமினுப்பு இருக்கிற நேரம்தான் நமக்குக் கிடைச்ச நேரம். பழைய படங்கள்ல அதே மாசத்துல, அதே காலை நேரத்துல எனக்கு ஒரு வாஷ், அதாவது தண்ணியான கலர் பூச்சு, முழுக்க போட்டு, மேகத்துக்கு டிஷ்யூ வெச்சு ஒத்தி எடுத்து, அடியில கொஞ்சம் சாம்பல் கலர் விடுற அளவுக்கு நிதானமா நேரம் இருந்திருக்கு, படத்தைப் பாத்தாலே தெரியுது. இப்போ வரைஞ்சதுல பாதி வானத்துக்கு மேல கோடு கோடா கடினமான ஓரம். நான் பிரஷ்ஷை திரும்ப கலர்ல தொட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள காஞ்சிருக்கு. அரைகுறையா காஞ்ச இடத்துல ஈர பிரஷ் பட்டா காலிஃபிளவர் மாதிரி ஒரு திட்டு பூத்துக்கும், ப்ளூம்னு சொல்லுவாங்க, சமீபத்துல வரைஞ்ச வானம் எல்லாத்துலயும் அது ரெண்டு மூணு இருக்கு. இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. காத்து 1 டிகிரி செல்சியஸ் சூடானா கிட்டத்தட்ட 7 சதவீதம் அதிகமா நீராவியைத் தாங்கும். அந்த இடத்தை நிரப்ப அது எங்க இருந்தாவது உறிஞ்சும், மண்ணுல இருந்து, இலையில இருந்து, ஏரியில இருந்து, என் மடியில இருக்கிற பேப்பர்ல இருந்து. உறிஞ்சினதை எல்லாம் ஒரே நாள்ல கொட்டவும் செய்யும், அதனாலதான் வறட்சியும் வெள்ளமும் ஒரே இடத்துல மாத்தி மாத்தி வருது. என் ஒரு பேப்பர் சீக்கிரம் காயுறதுக்கு அன்னைக்கு அடிச்ச காத்து கூட காரணமா இருக்கலாம், அது எனக்குப் புரியுது, ஒரு படம் அன்னைய வானிலை அவ்ளோதான். ஆனா கட்டு கட்டா அடுக்கி வெச்சுப் பாக்குறப்போ அது வேற ஒண்ணா மாறுது.

கலர் டப்பாவும் அதையே சொல்லுது. ஆரம்பத்துல எனக்கு முதல்ல காலியாகுறது சாப் கிரீன்ங்கிற இலைப்பச்சை, அதுக்கு அடுத்தது அல்ட்ராமரின்ங்கிற நீலம். இப்போ செம்மண் நிற பர்ன்ட் சியென்னாவும் மண் மஞ்சளான யெல்லோ ஓக்கரும்தான் குழி விழுந்து அடித்தகரம் தெரியுது, சாப் கிரீன் மேல வெடிப்பு விட்டுக் கிடக்கு.

இங்க நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லியே ஆகணும். அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு ஓவிய வகுப்புல சேர்ந்திருந்தேன், அங்க சொல்லிக்கொடுத்தவர் என் படங்களைப் பாத்துட்டு, "இவ்ளோ மண்ணு கலரா இருந்தா யாரும்மா சுவத்துல மாட்டுவாங்க, தண்ணியை ஏத்திக்கோங்க, நீலம் போட்டாத்தான் கண்ணு போகும்"னார். நல்ல எண்ணத்துலதான் சொன்னார். நானும் ஏத்தினேன். அன்னைக்குக் கரையில இருந்து பாறை வரைக்கும் சேறு வெடிச்சுக் கிடந்துச்சு, நாணல் எல்லாம் இடுப்பு முறிஞ்சு வெளுத்துப் போய் நின்னுச்சு, நான் அதையெல்லாம் பாத்துக்கிட்டே அது மேல நீலத்தை விட்டேன். கை தானா பண்ணுச்சு, பழக்கம். அந்தப் படம் ஒரு குரூப் ஷோவுல மாட்டினாங்க, நல்லா இருக்குன்னு நாலு பேர் சொன்னாங்க, எனக்கு அது பக்கத்துல போயி நிக்கவே முடியல. நூத்துச் சொச்சம் படத்துல பின்னாடி எதுவுமே எழுதாத ஒரே படம் அதுதான். தேதி போட என் மனசு வரல, ஏன்னா அந்தத் தேதியில அப்படி ஒரு ஏரி இல்ல.

இதை நான் பெருசா எடுத்துக்கிறதுக்குக் காரணம் இருக்கு, சும்மா ஒரு அமெச்சூர் படத்துக்கு இவ்ளோ கவலையான்னு நினைக்க வேண்டாம். பின்னாடி வர்றவங்க இந்தப் படங்களை எதுக்கு எடுத்துப் பாப்பாங்கன்னு வரையுறவங்களுக்குத் தெரியவே தெரியாது. கனலெட்டோங்கிற ஓவியர் 18ஆம் நூற்றாண்டுல வெனிஸ் கால்வாய்களை வரைஞ்சார், அளவு தப்பக்கூடாதுன்னு காமரா அப்ஸ்கூராங்கிற இருட்டுப்பெட்டியை வெச்சு கோடு எடுத்தார்னு சொல்லுவாங்க, எல்லாம் வெனிஸுக்கு டூர் வர்ற பணக்காரங்களுக்கு விக்கிறதுக்காக. அதுல மாளிகைச் சுவர்ல தண்ணி ஏறி இறங்குற இடத்துல பாசி பிடிச்ச ஒரு பச்சைப் பட்டையையும் விடாம போட்டு வெச்சிருக்கார். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, அந்தப் பட்டை இல்லாம சுத்தமா போட்டிருந்தா இன்னும் நல்ல விலை கூட போயிருக்கும். இருநூத்தம்பது வருஷம் கழிச்சு டாரியோ கமுஃபோங்கிற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் அதே கட்டடங்களுக்குப் போயி, படத்துல இருக்கிற பாசிக் கோட்டையும் இன்னைக்குச் சுவர்ல இருக்கிற பாசிக் கோட்டையும் ஒப்பிட்டு, தண்ணி சுமார் 60 சென்டிமீட்டர் மேல வந்திருக்குன்னு கணக்கு போட்டாங்க. கடல் ஏறினது கொஞ்சம், நகரம் அமிழ்ந்தது கொஞ்சம்னு ரெண்டும் சேர்ந்துதான் அந்த அளவு. அந்தக் காலத்துக்குக் கருவி வெச்சு எடுத்த அளவே வெனிஸ்ல கிடையாது, இருந்தது அந்தப் பாசிப் பட்டை மட்டும்தான்.

லண்டன் பனிமூட்டமும் அப்படித்தான். மோனேங்கிற பிரெஞ்சு ஓவியர் 1899ல இருந்து 1901 வரைக்கும் மூணு தடவை லண்டன் போயி ஹோட்டல் ஜன்னல்ல இருந்து தேம்ஸ் நதியையும் பாலங்களையும் வரைஞ்சார், எல்லாம் ஊதாவும் ஆரஞ்சுமா கரைஞ்சு கிடக்கும். கண்ணு சரியில்லாததால அப்படி வரைஞ்சார்னு கூட ஒரு பேச்சு உண்டு. 2023ல வந்த ஒரு ஆய்வுல டர்னர்ங்கிற இங்கிலாந்து ஓவியர், மோனே ரெண்டு பேரோட கிட்டத்தட்ட 100 படங்களை எடுத்து அதுல ஓரங்கள் எவ்ளோ மங்கலா இருக்கு, எவ்ளோ வெளுப்பு இருக்குன்னு அளந்து பாத்தாங்க, அந்தந்த வருஷத்துல நிலக்கரி எரிச்சு வந்த சல்ஃபர் டை ஆக்சைடு அளவோட அது ஒத்துப் போகுது. தூரத்து மலை நீலமா தெரியுறது காத்து மூலக்கூறுகள் நீலத்தை அதிகமா சிதறடிக்கிறதால. ஆனா புகைத்துகள் பெருசு, அது எல்லா கலரையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், அதனால தூரம் நீலமாகாம பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போகும். வாட்டர்கலர்ல தூரத்து மலைக்கு அல்ட்ராமரின் போதுமா, இல்ல அதுல பர்ன்ட் சியென்னா கலந்து சாம்பலாக்கணுமான்னு நான் கையில பிரஷ்ஷோட யோசிக்கிற அந்த ரெண்டு செகண்ட்ல முடிவாகுறது இதுதான்.

அதுக்காக எல்லா ஓவியத்தையும் தெர்மாமீட்டரா எடுத்துக்கவும் கூடாது. புரூகல்ங்கிற ஓவியர் 1565ல வரைஞ்ச பனியில வேட்டைக்காரங்க படத்தை, ஐரோப்பா சில நூற்றாண்டு வழக்கத்தை விடக் குளிர்ந்து கிடந்த குட்டிப் பனியுகத்துக்குச் சாட்சின்னு எல்லாரும் காட்டுவாங்க, அந்தக் குளிர்காலம் நிஜமாவே கடுமையானதுதான், ஆனா அதுல பின்னாடி நிக்குற கூர்கூரான மலைகள் அவர் வாழ்ந்த தட்டை நிலத்துல கிடையவே கிடையாது, ஆல்ப்ஸ் வழியா போயிட்டு வந்த ஞாபகத்துல இருந்து கொண்டு வந்து நட்டு வெச்சது. எது கண்டது, எது சேர்த்ததுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியணும். என் தேதி போடாத படத்தை நூறு வருஷம் கழிச்சு ஒருத்தர் எடுத்தா ஏமாந்து போவார். இதை நினைச்சாத்தான் எனக்கு வெக்கமா இருக்கு.

நான் அடிக்கடி நினைச்சுக்கிற கதை ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாகாணத்துல நடந்தது. டவர் ஹில்னு பழைய எரிமலை வாய் ஒண்ணு, நடுவுல ஏரி, ஏரிக்குள்ள தீவு மாதிரி குன்றுகள். ஆஸ்திரியாவுல பிறந்து அங்க போன ஓய்கன் ஃபான் கெரார்ட்ங்கிற ஓவியர் 1855ல அதை வரைஞ்சார், பக்கத்துல பண்ணை வெச்சிருந்த ஜேம்ஸ் டாசன் கேட்டு வரைஞ்சது. ஃபான் கெரார்ட் இலை இலையா பாத்து வரையுற ஆளு, இவ்ளோ நுணுக்கம் படத்துக்கு ஆகாதுன்னு அவரைக் குறை சொன்னவங்க அப்பவே இருந்தாங்க. அதுக்கப்புறம் அந்த இடத்துல மரத்தை வெட்டினாங்க, மாடு மேய்ச்சாங்க, கல்லு உடைச்சாங்க, 1892ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சும் நிக்கல, 20ஆம் நூற்றாண்டு நடுவுல எடுத்த போட்டோக்கள்ல மொட்டையா கிடக்கு. 1961ல அதை வனவிலங்குக் காப்பிடமா ஆக்கி, திரும்பவும் மரம் நடலாம்னு முடிவு பண்ணினப்போ முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அந்த ஓவியத்தை எடுத்தாங்க. தாவரவியல் படிச்சவங்க அதுல இருக்கிற ஒவ்வொரு மரத்தையும் செடியையும் பாத்து இது இன்னதுன்னு அடையாளம் சொன்னாங்க, அந்தப் பட்டியலை வெச்சு வருஷக்கணக்கா, லட்சக்கணக்குல நட்டாங்க, ஸ்கூல் பசங்க எல்லாம் வந்து நட்டிருக்காங்க. இன்னைக்கு அங்க காடு இருக்கு, ஈமுவும் கங்காருவும் கோலாவும் திரியுது. ஒரு படத்தைப் பாத்து ஒரு இடத்தைத் திரும்ப உண்டாக்கியிருக்காங்க. முதல் தடவை படிச்சப்போ எனக்கு அழுகையே வந்துருச்சு.

ஆனா அதையே திரும்பத் திரும்ப யோசிச்சா இன்னொண்ணும் தெரியுது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவுல குளிர்கால மாசங்கள்ல பெய்யுற மழை கடந்த சில பத்தாண்டுகளா குறைஞ்சுக்கிட்டு வருது, வெயில் ஏறுது. படத்துல இருக்கிற மரத்தை நட்டுடலாம். 1855ஆம் வருஷத்து மழையை நட முடியாது. நிலத்தைப் பழையபடி கொண்டு வரலாம், பொழுதைக் கொண்டு வர முடியாது, முதற்பொருள் ரெண்டுல ஒண்ணுதான் நம்ம கைக்கு எட்டுது. இன்னும் நூறு வருஷம் கழிச்சு அதே மரங்கள் அங்க தாங்குமா, இல்ல அந்தப் பட்டியலையே மாத்தி எழுத வேண்டி வருமாங்கிறது திறந்த கேள்விதான்.

ஆஸ்திரேலியாவுல இருந்தே வந்த இன்னொரு வார்த்தை இருக்கு, சோலாஸ்டால்ஜியா. க்ளென் ஆல்பிரெக்ட்ங்கிற தத்துவவாதி 2003ல உருவாக்கினது. ஹண்டர் பள்ளத்தாக்குல நிலக்கரிச் சுரங்கம் தோண்டித் தோண்டி ஊரே அடையாளம் தெரியாம போனப்போ, அங்கேயே குடியிருந்தவங்க சொன்ன வேதனைக்கு ஒரு பேர் தேவைப்பட்டுச்சு. ஊரை விட்டுப் போனவனுக்கு வர்றது ஊர் ஏக்கம். இவங்க எங்கயும் போகல, ஊர்தான் இவங்களை விட்டுப் போயிடுச்சு. அந்த வார்த்தையைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு எனக்கு ஒரு நிம்மதி, சொல்லத் தெரியாம உள்ள வெச்சிருந்ததுக்கு யாரோ ஒருத்தர் பேர் வெச்சுட்டாங்கன்னு. அதுக்கு நேர் எதிரா அக்கா பொண்ணுக்கு அந்த ஏக்கமே கிடையாது, அவளுக்கு வத்தின ஏரிதான் ஏரி, பாறை மேல ஏறுறதுதான் அந்த இடம். டேனியல் பாலிங்கிற மீன்வள விஞ்ஞானி 1995ல இதைப் பத்தி எழுதினார், ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்ணைத் திறந்தப்போ பாத்ததையே சரியான அளவுன்னு எடுத்துக்குது, அதனால குறைஞ்சது எவ்ளோங்கிறதே யாருக்கும் தெரியாம போயிடுதுன்னு. அவர் மீன் கணக்கைப் பத்திச் சொன்னார். என் வீட்டுத் தரையில ஒரு குழந்தை "இது எந்த இடம்?"னு கேட்டப்போ என் காதுல விழுந்தது அதுதான்.

அவளைச் சோகப்படுத்துறதுக்கு எனக்கு இஷ்டம் இல்ல. அந்த ஏரி செத்துப் போகவும் இல்ல. வத்தின சேத்துல என்ன வருதுன்னு நான் பாக்க ஆரம்பிச்சதே அந்தப் பொய்ப் படத்துக்கு அப்புறம்தான். சேறு வெடிக்கிறப்போ ஒவ்வொரு துண்டும் ஓரத்துல மேல சுருண்டுக்கும், உள்பக்கம் ஈரம் இருக்கிறதால இருட்டு, சுருண்ட விளிம்பு மட்டும் வெயில்ல வெளுத்து எலும்பு மாதிரி மின்னும். அதை வரைய விளிம்புக்குப் பேப்பரோட வெள்ளையை அப்படியே விடணும், கலர் போட்டு அந்த வெள்ளையைக் கொண்டு வர முடியாது. வெடிப்புக்குள்ள அல்ட்ராமரினும் பர்ன்ட் சியென்னாவும் கெட்டியா கலந்து விட்டா கறுப்புக்குப் பக்கத்துல வரும், ஆனா செத்த கறுப்பா இருக்காது. வெடிப்புக்குள்ள இருந்து சின்னதா ஒரு பச்சை முளைச்சிருந்துச்சு, என்ன செடின்னு எனக்குப் பேர் தெரியாது, ரெண்டே இலை. டப்பாவுல வெடிச்சுக் கிடந்த சாப் கிரீனை நனைச்சு அதுக்குத்தான் தொட்டேன்.

நேத்து அவளையும் கூட்டிக்கிட்டு போனேன். அவளுக்கும் ஒரு பேப்பர், ஒரு பிரஷ். அவ பாறையைப் பெருசா போட்டு அது மேல தன்னையும் போட்டா, கீழ தண்ணியை எவ்ளோ போடணும்னு என்னைக் கேட்டா. நான் சொல்லல, பாத்துப் போடுன்னேன். எழுந்து போயி பாறைக்கிட்ட நின்னு, கையை வெச்சு அளந்துட்டு ஓடி வந்தா. அப்புறம் படத்தைத் திருப்பி என் பென்சிலை வாங்கி கோணலா எழுதினா: தேதி, காலை 7 மணி, காத்து இல்ல, தண்ணி என் முட்டி வரைக்கும்.